அயலவர் சூட்டிய பெயர்

சென்ற வருட விடுமுறைக்கு நோர்வேயிலிருந்து என் சாச்சி குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாச்சியின் மகளுக்கு வயது பதினான்கு. ஒஸ்லோவில் படிக்கிறாள். விடுமுறையிலும் பாடக் கொப்பிகள் சிலவற்றைச் சுமந்து வந்திருந்தாள். அவற்றுள் ஒன்றின் அட்டையில் நான்கே நான்கு எழுத்துகள். பக்கத்தில் பேனையால் வரைந்த ஒரு பூ.

"இது என்ன பாடம், தங்கச்சி?"

"டிஸ்க், ராத்தா."

கணினிப் பாடமாக்கும் என்று நினைத்துக் கொப்பியைத் திறந்தேன். உள்ளே முழுவதும் ஜேர்மன் மொழி இலக்கணம். நான் விழித்ததைக் கண்டு அவள் சிரித்துவிட்டாள். ஜேர்மன் மொழிக்கு நோர்வேயில் அதுதான் பெயராம். நான் உச்சரிப்பதும் பிழையாம். உதட்டை ‘உ’ சொல்வதற்குக் குவித்துக்கொண்டு ‘இ’ என்று சொல்ல வேண்டுமாம். அன்று பின்னேரம் முழுவதும் நானும் உம்மாவும் உதட்டைக் குவித்துக் குவித்துச் சொல்லிப் பார்த்தோம். சரியாக வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. ஜேர்மானியர் தம் மொழியை ‘டொய்ச்’ என்கிறார்கள். ஆங்கிலேயர் ‘ஜேர்மன்’ என்கிறார்கள். அரபுப் பாடத்தில் அந்த நாட்டுக்கு ‘அல்மானியா’ என்று படித்திருக்கிறோம். இவற்றுக்கு நடுவே இந்த ‘டிஸ்க்’ எங்கிருந்து வந்தது? அன்று தொடங்கிய தேடலில் கிடைத்தவற்றையே சகோதரிகளாகிய உங்களோடு இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

வடக்கே ஒரே குடும்பம்

நோர்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளிலும் ஜேர்மனியின் பெயர் ‘டிஸ்க்லாண்ட்’. உச்சரிப்பில் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு, எழுத்தில் ஒன்றேதான். நோர்வேயிலும் டென்மார்க்கிலும் ஜேர்மானியர் ஒருவரை ‘டிஸ்கர்’ என்பார்கள். சுவீடனில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. அங்கே ‘டிஸ்கா’ என்றால் ஜேர்மன் மொழி. ஜேர்மானியப் பெண்ணுக்கும் அதே சொல்தான். மொழியும் பெண்ணும் ஒரே பெயரில் வாழ்கிறார்கள்.

வட அத்திலாந்திக் கடலில் இருக்கும் ஐஸ்லாந்து பழைய ஒலிகளைப் பத்திரமாகக் காத்து வைத்திருக்கும் நாடு. அங்கே அம்மொழிக்குப் பெயர் ‘தீஸ்கா’. முதல் எழுத்தை நமது ‘தீ’ போலச் சொல்லக்கூடாது. நாக்கின் நுனியைப் பற்களிடையே வைத்து, அரபின் ‘ஸா’ எழுத்தைச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். குர்ஆன் மத்ரஸாவில் அந்த எழுத்துக்காகத் திருத்தப்பட்டவர்களுக்கு ஐஸ்லாந்து மொழியின் இந்த ஒலி சிரமமாக இராது.

‘தீஸ்கா’, ‘டிஸ்க்’, ‘டொய்ச்’ ஆகிய மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். பழைய ஜேர்மானிய மொழிகளில் இருந்த அந்த ‘ஸா’ ஒலி ஐஸ்லாந்திலும் இங்கிலாந்திலும் நிலைத்தது. நோர்வே, சுவீடன், டென்மார்க்கில் ‘ட்’ என மாறியது. ஜேர்மனியில் ஆங்கில ‘டி’ எழுத்தின் மெல்லொலியாக மாறியது. மூன்று என்ற எண்ணை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘த்ரீ’, நோர்வேயில் ‘ட்ரே’, ஜேர்மனில் ‘ட்ரை’. ஒரே பாதையில் நடந்த மாற்றம்.

பெயரின் பொருள் ‘மக்கள்’

இந்தச் சொல்லின் வேர் மிகப் பழைய ஜேர்மானிய மொழியில் ‘மக்கள்’, ‘குலம்’ என்று பொருள்பட்ட ஒரு சொல். ஐஸ்லாந்தில் இன்றும் அது ‘தியோத்’ என்ற வடிவில் உயிரோடிருக்கிறது. தேசம், மக்கள் என்பது பொருள். சுவீடன் நாட்டுக்கு ஐஸ்லாந்தர் வைத்த பெயர் ‘ஸ்வித்தியோத்’, அதாவது ஸ்வியர் என்ற குலத்து மக்கள். ஜேர்மானியர் ஒருவருக்குப் பெயர் ‘தியோத்வெர்யி’. ஆக ஒரே வேரிலிருந்து ஐஸ்லாந்தர் இரண்டு அயலவருக்குப் பெயர் எடுத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் ‘டிஸ்க்’ என்பதன் முதற்பொருள் ‘மக்களுக்குரியது’. மக்களுக்குரிய எது? மொழிதான்.

அக்காலத்து ஐரோப்பாவில் திருச்சபையின் மொழியும் எழுத்தின் மொழியும் இலத்தீன். படித்தவர்கள் இலத்தீனில் எழுதினார்கள்; சாதாரண மக்கள் வீட்டிலும் சந்தையிலும் வேறு மொழி பேசினார்கள். அந்த மக்கள் பேச்சைக் குறிக்க இலத்தீன் எழுத்தாளர்களே ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டார்கள்: ‘தியோதிஸ்குஸ்’. நமக்குத் தெரிந்தவரை இச்சொல் முதன்முதலில் பதிவானது 786 ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் நடந்த திருச்சபைக் கூட்டங்களைப் பற்றி ஓஸ்தியா ஆயர் ஜோர்ஜ் பாப்பரசருக்கு எழுதிய அறிக்கையில், தீர்மானங்கள் இலத்தீனிலும் மக்கள் மொழியிலும் வாசிக்கப்பட்டன என்று குறிப்பிடுகிறார். அங்கே மக்கள் மொழி என்றது இங்கிலாந்து மக்களின் பேச்சை! இன்று ஜேர்மானியருக்கே உரியதாகிவிட்ட பெயர், முதன்முதலில் ஏட்டில் ஏறியபோது ஆங்கிலத்தின் மூதாதையையே குறித்தது.

813 இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய ஆயர்கள், எல்லோரும் எளிதில் விளங்கிக்கொள்ளும்படி பிரசங்கங்களை மக்கள் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தார்கள். அங்கும் இதே சொல் வருகிறது. ஜும்ஆ நாளில் அரபில் ஓதப்படுவதன் பொருளைத் தமிழில் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தத் தீர்மானத்தின் தேவை சொல்லாமலே விளங்கும்.

இதே வேரில் இன்னொரு கிளையும் உண்டு. ஐஸ்லாந்தில் ‘தீதா’ என்றால் மொழிபெயர்த்தல், பொருள் கொள்ளுதல். சுவீடனில் ‘டீடா’ என்றால் பொருள் விளக்குதல். ‘டீட்லிக்’ என்றால் தெளிவானது. மக்களுக்கு விளங்கும்படி சொல்லுதலே தெளிவு என்று அந்த மொழிகள் கருதியிருக்கின்றன.

ஆளுக்கொரு பெயர்

ஜேர்மானியருக்கு இருக்கும் அளவு வேறுபட்ட பெயர்கள் ஐரோப்பாவில் வேறு மக்களுக்கு உண்டோ என்பது சந்தேகமே. ஒவ்வொரு அயலவரும் தாம் முதலில் கண்டவரை வைத்துப் பெயரிட்டார்கள். பிரெஞ்சுக்காரருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் ‘அலமானி’ என்ற குலத்தார். அதனால் ஜேர்மனி முழுவதும் ‘அல்மாஞ்’ ஆயிற்று. நாம் படிக்கும் ‘அல்மானியா’வும் அந்தக் குலத்தின் பெயரே. பின்லாந்தருக்கும் எஸ்தோனியருக்கும் சாக்சன் குலத்தார் பழக்கமானவர்கள். அவர்களுக்கு ஜேர்மனி ‘சக்சா’.

ரஷ்யரும் போலந்தரும் வேறுவிதமாகப் பெயரிட்டார்கள். தம் மொழி பேசத் தெரியாத அயலவரை ‘நேமெத்ஸ்’ என்றார்கள். அதன் வேர் ‘ஊமை’ என்ற பொருளுடையது. அந்தச் சொல் துருக்கியர் வழியாக அரபுக்கும் வந்து சேர்ந்தது. ஒஸ்திரியாவை அரபில் ‘அந்நம்ஸா’ என்கிறோமே, அது இந்தச் சொல்தான். எங்கோ ஒரு சிலாவிய கிராமத்தில் பிறந்த ‘ஊமை’ நமது அரபுப் பாடப்புத்தகம் வரை நடந்து வந்திருக்கிறது.

நாமும் இதற்கு விலக்கானவர்கள் அல்லர். 1658 முதல் 1796 வரை நம் கரையோரங்களை ஆண்டவர்களை ஒல்லாந்தர் என்கிறோம். டச்சுக்காரர் என்றும் சொல்கிறோம். அந்த ‘டச்சு’ என்பது ‘டொய்ச்’, ‘டிஸ்க்’ ஆகியவற்றின் உடன்பிறப்பு. ஆங்கிலேயர் முன்பு ஜேர்மானியர், நெதர்லாந்தர் இரு சாராரையும் அப்பெயரால் அழைத்துப் பின் நெதர்லாந்தருக்கு மட்டும் ஒதுக்கினார்கள். கொழும்பின் ‘டச்சு ஆஸ்பத்திரி’க் கட்டடத்தைக் காணும்போது இனி அந்தப் பழைய ‘மக்கள்’ நினைவுக்கு வரட்டும். நமது பிறப்புச் சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும் ‘சோனகர்’ என்பதும் யவனர், யோனகர் என்ற சொற்களின் வழியாகக் கிரேக்கரின் அயோனியாவிலிருந்து வந்தது என்று அறிஞர் காட்டுவர். போர்த்துக்கேயர் நம்மை ‘மூர்’ என்றது தமக்குப் பக்கத்தில் வாழ்ந்த வட ஆபிரிக்க முஸ்லிம்களின் பெயரால். நாம் கிரேக்கரும் அல்லர். வட ஆபிரிக்கரும் அல்லர். பெயரிட்டவர்களின் ஞாபகத்தைத்தான் சுமந்துகொண்டிருக்கிறோம்.

திராட்சை கண்ட தெற்கத்தியான்

பழங்கால வட நாட்டார் ஜேர்மன் நாட்டை ‘சாக்ஸ்லாண்ட்’ என்றும், அங்கிருந்து வந்தவரைத் ‘தெற்கத்தியான்’ என்றும் அழைத்தார்கள். அப்படியொரு தெற்கத்தியானைப் பற்றிய கதை கிரீன்லாந்தர் சாகா என்ற பழைய ஐஸ்லாந்து நூலில் உண்டு. அவன் பெயர் திர்கிர். சுமார் 1000 ஆம் ஆண்டில் கடல் கடந்து அமெரிக்கக் கரையை அடைந்த லெய்வ் எரிக்சனின் வளர்ப்புத் தந்தை போன்றவன்.

ஒருநாள் திர்கிர் கூட்டத்தை விட்டுக் காணாமற்போகிறான். தேடிப் புறப்பட்டவர்களுக்கு எதிரே அவனே திரும்பி வருகிறான். வந்தவன் கண்ணை உருட்டி, முகத்தைச் சுளித்து, நெடுநேரம் ஜேர்மன் மொழியில் பேசிக்கொண்டே போகிறான். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் வடமொழிக்கு மாறி, திராட்சைக் கொடிகளைக் கண்டதாகச் சொல்கிறான். உனக்கு நிச்சயமா என்று லெய்வ் கேட்க, திராட்சைக்குக் குறைவில்லாத ஊரில் பிறந்தவன் நான் என்கிறான். அந்தப் புதிய நிலத்துக்கு ‘வின்லாண்ட்’ என்று பெயர் வந்ததற்கு நூல் சொல்லும் காரணம் இது.

அவன் பேசியதாக நூல் சொல்லும் மொழியின் பெயர் நமது ‘டிஸ்க்’கின் பழைய வடிவமே. எத்தனை வருடம் அயலாரோடு வாழ்ந்தாலும், மகிழ்ச்சி பொங்கும்போது வாயில் வருவது தாய்மொழிதான் என்பதை அந்தக் கதாசிரியர் அறிந்திருக்கிறார். ஒஸ்லோவில் இருபது வருடம் இருந்த என் சாச்சி, எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும் "அல்லாஹ்வே, என்ட புள்ள எவ்வளவு வளந்துட்டா!" என்றதை நான் கேட்டேன்.

கடைத்தெருவில் வந்த சொற்கள்

மத்திய காலத்தில் ‘டிஸ்க்’ என்றால் வடநாட்டாருக்கு வியாபாரி என்றே பொருள்பட்டிருக்கும். லூபெக் முதலான ஜேர்மன் நகர வணிகர்களின் கூட்டமைப்பான ஹன்சா, வட கடல்களின் வியாபாரத்தைத் தன் கையில் வைத்திருந்தது. நோர்வேயின் பேர்கன் துறைமுகத்தில் சுமார் 1360 இல் அவர்கள் நிலையான வணிக நிலையம் அமைத்தார்கள். வடக்கிலிருந்து கருவாடு வந்தது. தெற்கிலிருந்து தானியம் வந்தது. அவர்கள் குடியிருந்த துறைக்கு ‘டிஸ்கெபிரிக்கன்’, ஜேர்மானியர் துறை என்று பெயராயிற்று. சுவீடனின் ஸ்டொக்ஹோமில் நகரசபை உறுப்பினரில் பாதிப் பேர் ஜேர்மானியராக இருக்க வேண்டும் என்றே சட்டம் இருந்தது. 1471 வரை அந்தச் சட்டம் நீடித்தது.

வியாபாரிகள் கருவாட்டை ஏற்றிக்கொண்டு சொற்களை இறக்கிவிட்டுப் போனார்கள். தையற்காரரைக் குறிக்கும் ‘ஸ்கிரெடர்’, பணம் செலுத்துவதைக் குறிக்கும் ‘பெதாலெ’, வேலையைக் குறிக்கும் ‘அர்பெய்’ என நோர்வே மொழியில் நாளாந்தம் புழங்கும் எத்தனையோ சொற்கள் வட ஜேர்மனியின் தாழ்நிலப் பேச்சிலிருந்து வந்தவை. எல்லாவற்றையும்விட வியப்பு, ‘மொழி’ என்பதற்கு நோர்வேயரும் சுவீடன்காரரும் சொல்லும் ‘ஸ்ப்ரோக்’ என்ற சொல்லே ஜேர்மானியர் தந்ததுதான். ஐஸ்லாந்தர் மட்டும் நாக்கின் பெயரால் ‘துங்குமால்’ என்று பழஞ்சொல்லையே சொல்லி வருகிறார்கள்.

சொல் கல்லான காலம்

தங்கச்சியிடம் இவற்றையெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் ஒன்று சொன்னாள். "ராத்தா, எங்கட ஸ்கூல்ல இன்னொரு சொல்லும் படிச்சம். ‘டிஸ்கருங்கெ’. அது ஏச்சு." அதன் பிறகு நான் தேடிய பகுதிதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

1940 ஏப்ரல் 9 ஆம் திகதி ஹிட்லரின் படை நோர்வேக்குள்ளும் டென்மார்க்குக்குள்ளும் புகுந்தது. 1945 மே மாதம் வரை ஐந்து வருட ஆக்கிரமிப்பு. இலட்சக்கணக்கான ஜேர்மன் படையினர் நோர்வேயில் இருந்தார்கள். அவர்களுக்கும் நோர்வேப் பெண்களுக்கும் பத்தாயிரத்துக்கும் பன்னிரண்டாயிரத்துக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் பிள்ளைகள் பிறந்தார்கள் என்று கணக்கிடப்படுகிறது.

யுத்தம் முடிந்ததும் கோபம் அந்தப் பெண்கள் மீது திரும்பியது. வீதியில் பிடித்துத் தலைமயிரை மழித்தார்கள். பலர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஒஸ்லோ விரிகுடாவில் உள்ள ஹோவெதோயா தீவில் அப்படியொரு முகாம் இருந்தது. ஜேர்மானியரை மணந்தவர்களின் பிரஜாவுரிமை 1945 ஓகஸ்டில் இயற்றிய சட்டத்தால் பறிக்கப்பட்டது; அவர்கள் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார்கள். ஜேர்மன் பெண்களை மணந்த நோர்வே ஆண்களுக்கு அந்தத் தண்டனை கிடைக்கவில்லை.

அப்பெண்களுக்கு ஊர் வைத்த பெயர் ‘டிஸ்கர்டோஸ்’. ஜேர்மானியரின் கெட்ட நடத்தைக்காரி என்று பொருள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ‘டிஸ்கருங்கெ’, ஜேர்மானியக் குட்டி. பாடசாலையில் அந்தப் பெயர் சொல்லி அடிக்கப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். தந்தை யாரென்றே அறியாத பிள்ளைக்குத் தந்தையின் தேசத்தின் பெயர் ஏச்சாகக் கிடைத்தது. ‘மக்களுக்குரியது’ என்று பிறந்த சொல், மக்கள் கூட்டத்திலிருந்து ஒரு பிள்ளையைத் தள்ளி வைக்கப் பயன்பட்டது.

அந்த வெறுப்பு ஊர்ப் பெயரையும் தொட்டது. பேர்கன் துறையின் பெயரிலிருந்து 1945 இல் ‘டிஸ்கெ’ வெட்டப்பட்டது. அறுநூறு வருடத்துப் பழைய வணிகர் துறை வெறும் ‘பிரிக்கன்’, அதாவது ‘துறை’ என்று நின்றது. இன்றும் அதுவே பெயர். ஓர் இடத்தின் பெயரை வெட்டலாம். பிள்ளைகள் மீது ஒட்டிய பெயரை வெட்டுவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. 2000 ஆம் ஆண்டின் புத்தாண்டு உரையில் அப்போதைய பிரதமர் ஹியெல் மாக்னே பொந்தெவிக் அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கோரினார். அவர்களை இப்போது ‘கிரிக்ஸ்பார்ன்’, யுத்தப் பிள்ளைகள் என்கிறார்கள். பெண்களுக்கு இன்னும் தாமதம். 2018 ஒக்டோபரில்தான் பிரதமர் ஆர்னா சோல்பேர்க் அரசாங்கத்தின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். பெரும்பாலான பெண்கள் அதைக் கேட்க உயிரோடில்லை.

உம்மா சொன்னது

இந்தப் பகுதியை எழுதி முடித்த இரவு, எழுத்துப்பிழை பார்ப்பதற்காக உம்மாவிடம் கொடுத்தேன். உம்மா நெடுநேரம் தாளை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எங்களுக்கும் ஒரு பெயர் இருந்திச்சு மகள். அகதிப் புள்ள."

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்கு எட்டு வயது. சாச்சிக்கு ஐந்து. புத்தளத்துக்கு வந்து ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். புதிய பாடசாலையில் இடாப்புக் கூப்பிடும்போது அவர்களுடைய பெயர் இருந்தது. விளையாட்டு நேரத்தில் இருக்கவில்லை. "அகதிப் புள்ளைய கூப்பிடு", "அகதிப் புள்ளட கொப்பிய தா." கூப்பிட்டவர்களும் நம்மவர்களே, ஒரே கலிமா சொல்பவர்கள், ஒரே தமிழ் பேசுபவர்கள். பெரும்பாலானோர் வெறுப்பில் சொல்லவில்லை, வழக்கமாகிவிட்டதால் சொன்னார்கள் என்றார் உம்மா. அதனால்தான் அழவும் முடியவில்லையாம்.

‘அகதி’ என்றால் போக்கிடம் இல்லாதவர். முதலில் உதவி கேட்டு எழுதிய விண்ணப்பங்களில் இருந்த சொல். நிவாரண அட்டையில் இருந்த சொல். இரக்கத்தோடு தொடங்கிய அந்தச் சொல் எப்போது ஒரு பிள்ளையின் பெயராக மாறியது என்று உம்மாவுக்கே தெரியவில்லை. பதினெட்டு வயதில் கல்யாணப் பேச்சு வந்தபோதும் அது கூடவே வந்ததாம்.

சாச்சிக்கு மறுநாள் தொலைபேசியில் இதைச் சொன்னேன். நோர்வேக்குப் போன புதிதில் அங்கேயும் ‘அகதி’ என்பதற்கு ஒரு சொல் இருந்தது என்றும், அதைக் கற்றுக்கொண்ட நாளில் தனக்கு உம்மாவின் நினைவு வந்தது என்றும் சொன்னார். பின்னால் தங்கச்சியின் குரல் கேட்டது. அவளுக்கு அடுத்த கிழமை ஜேர்மன் பாடத்தில் பரீட்சையாம்.

அந்தக் கொப்பி என் கண்முன் வந்தது. அன்று ஒரு தலைமுறைப் பிள்ளைகளை ஒளிந்துகொள்ள வைத்த சொல்லின் முற்பாதி, இன்று அதே நாட்டில் ஒரு பாடக் கொப்பியின் அட்டையில் பூவோடு இருக்கிறது. எழுத்து அதேதான். சொல்பவர்கள் மாறியிருக்கிறார்கள், சிலர் வெட்கப்பட்டிருக்கிறார்கள், இருவர் ஒரு நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள்.

சகோதரிகளே, நமது வகுப்பறைகளிலும் ஊரின் பெயரால், பேச்சு வழக்கின் பெயரால், வந்து குடியேறிய கதையின் பெயரால் அழைக்கப்படும் ஒருத்தி இருக்கக்கூடும். நாம் வழக்கமாகத்தான் அழைக்கிறோம். இடாப்பில் அவளுக்கு அவளுடைய உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் இருக்கிறது. நாளைக் காலை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.

இந்தக் கட்டுரையில் எழுத்துப்பிழை இருந்தால் அது என்னுடையது. உம்மா அன்று பிழை பார்க்கவில்லை.